மைண்ட்ஹன்டரில் கொலைகாரனைப் பிடிப்பது யார்?

மழைரயில் (இழையைத் தொடங்கியவர்)

மைண்ட்ஹன்டர் என்ற அமெரிக்கக் குற்றத் தொடரின் இரண்டு சீசன்களையும் பத்து இரவுகளில் பார்த்து முடித்தேன். மொத்தம் 19 அத்தியாயங்கள். மனம் ஆறவில்லை; யாரிடமாவது பேசியே ஆகவேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள், கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன்.

நான் கிரிமினல் மைண்ட்ஸ் பார்த்துப் பழகியவள். 2005 முதல் 2020 வரை 15 சீசன்கள், 324 அத்தியாயங்கள். கல்லூரி விடுதியில் ஒரே மடிக்கணினியைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து தொடங்கிய பழக்கம், வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. அதில் ஒரு நிறைவு உண்டு. எங்கோ ஓர் ஊரில் பிணம் கிடைக்கும். குழு தனி விமானத்தில் ஏறும். வானத்திலேயே கோப்புகளைப் பிரித்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இறங்கியதும் உள்ளூர்க் காவலர்களைக் கூட்டி, “நாம் தேடுவது முப்பதுகளில் இருக்கும் ஆண். தனியாக வாழ்கிறான். அண்மையில் வேலை இழந்தவன்” என்பார்கள். சொன்னது சொன்னபடி இருக்கும் ஒருவனுடைய வீட்டுக் கதவு நாற்பதாவது நிமிடத்தில் உடைபடும். அடைத்து வைக்கப்பட்ட பெண் உயிரோடு வெளியே வருவாள். நான் அழுதிருக்கிறேன்.

மைண்ட்ஹன்டரில் எஃப்.பி.ஐ. (அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு) அதிகாரிகளான ஹோல்டன் ஃபோர்டும் பில் டென்ச்சும் சிறை சிறையாகப் போய், ஏற்கெனவே பிடிபட்டவர்களிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சு அபாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறையில் இருக்கும் கொலைகாரன் எட் கெம்பராக வரும் கேமரன் பிரிட்டன், குரலை உயர்த்தாமலேயே நம்மை நாற்காலியின் நுனிக்குத் தள்ளுகிறார். ஆனால் பிடிபடாதவர்கள்? முதல் சீசனில் ஓரிரு சிற்றூர் வழக்குகள் தீர்கின்றன, அவ்வளவுதான். கான்சாஸில் மீசை வைத்த ஒருவன் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தலைகாட்டுகிறான். தொடர் முடியும்போதும் விடுதி அறையில் முகமூடியோடு சுதந்திரமாக இருக்கிறான். அட்லாண்டாவில் ஒருவன் பிடிபடுகிறான். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் நம்பவில்லை. ஹோல்டன் முகத்திலும் வெற்றி இல்லை.

என் கேள்வி இதுதான். மூன்றாவது சீசன் வராததால் கதை பாதியில் நின்றுவிட்டதா, அல்லது புரொஃபைலிங், அதாவது குற்றத்தை வைத்து அதைச் செய்தவன் எப்படிப்பட்டவன் என்று கணிப்பது, பலிக்காது என்பதையே சொல்ல வருகிறார்களா?

பனைநிழல்

இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். அதனால்தான் உங்களுக்கு வலிக்கிறது.

தொடருக்கு அடிப்படை, எஃப்.பி.ஐ. அதிகாரியாக இருந்த ஜான் டக்ளஸ், மார்க் ஓல்ஷேக்கருடன் சேர்ந்து 1995இல் வெளியிட்ட நூல். ஹோல்டன் பாத்திரத்துக்கு முன்மாதிரி டக்ளஸ். டென்ச்சுக்கு ராபர்ட் ரெஸ்லர். சிறைப் பேட்டிகள் 1970களின் இறுதியில் உண்மையாகவே நடந்தவை. எஃப்.பி.ஐ.யின் பயிற்சி மையம் இருக்கும் குவான்டிகோவிலிருந்து ஊர் ஊராகப் போய் உள்ளூர்க் காவலர்களுக்கு வகுப்பெடுப்பது அவர்கள் வேலை. அப்படிப் போகிற ஊர்களின் சிறைகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள்.

அந்தக் கான்சாஸ் மனிதன் டென்னிஸ் ரேடர். விச்சிட்டா வட்டாரத்தில் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவன். பிடிபட்டது 2005 பிப்ரவரியில், அதாவது முதல் கொலைக்கு 31 ஆண்டுகள் கழித்து. தொடரின் காலத்துக்குள் அவனைப் பிடித்துக் காட்டியிருந்தால் அது பொய்.

எப்படிப் பிடிபட்டான் என்பதைக் கேளுங்கள். பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு 2004இல் அவனே மீண்டும் ஊடகங்களுக்கும் காவல்துறைக்கும் கடிதம் எழுதத் தொடங்கினான். ஃப்ளாப்பி வட்டில் அனுப்பினால் தன்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று காவல்துறையையே கேட்டான். முடியாது என்று அவர்கள் நாளிதழ் விளம்பரத்தின் வழியாகப் பதில் சொன்னார்கள். நம்பி அனுப்பினான். அந்த வட்டில் அழிக்கப்பட்ட ஒரு கோப்பின் தடயம் இருந்தது. அதில் ஒரு தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. தேவாலயத்தின் இணையப் பக்கத்தில், சபைத் தலைவர் டென்னிஸ் ரேடர். மகளின் பழைய மருத்துவ மாதிரியிலிருந்து எடுத்த மரபணு மீதியை உறுதிசெய்தது.

கெம்பரையும் யாரும் பிடிக்கவில்லை. 1973 ஏப்ரலில் தாயையும் தாயின் தோழியையும் கொன்றுவிட்டு, கொலராடோவின் புவெப்லோ வரை கார் ஓட்டிச் சென்று, தொலைபேசியில் தானே காவல்துறையை அழைத்துச் சொன்னான்.

மழைரயில்

படித்துவிட்டுச் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 31 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அவன் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான்.

சரி, அட்லாண்டா? அங்கே ஆற்றுப் பாலங்களைக் கண்காணிக்கும் காட்சி உண்மைதானே? அதைச் சொன்னது ஹோல்டன்தானே?

தறிச்சத்தம்

அட்லாண்டாவைப் பற்றி நான் சொல்லலாமா? 26 ஆண்டுகள் நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை செய்தவன். நுண்ணோக்கியில் இழைகளைப் பார்த்தே என் கண்ணாடியின் பவர் ஏறியது. இரண்டாவது சீசனைப் பார்க்கும்போது மற்றவர்கள் ஹோல்டனைப் பார்த்தார்கள், நான் கம்பளத்தைத் தேடினேன்.

1979 முதல் 1981 வரை அங்கே கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களுமாக 28 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். உடல்களில் ஒட்டியிருந்த இழைகளைத் தடயவியல் ஆய்வகத்தினர் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தார்கள். அவற்றில் மஞ்சள் கலந்த பச்சை நைலான் இழை ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. குறுக்குவெட்டில் மூன்று மடல். இரண்டு நீளம், ஒன்று குட்டை. வட்டமான இழைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஆயிரம் பேர் நடுவே ஆறு விரல்காரனைப் பார்ப்பது போல. அந்த இழையைத் தயாரித்தது வெல்மன் நிறுவனம் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அதை வாங்கிக் கம்பளம் நெய்தது வெஸ்ட் பாயின்ட் பெப்பரெல். ஆலிவ் பச்சை நிறத்தில் அந்தக் கம்பளத்தை ஏறக்குறைய ஓராண்டுதான் தயாரித்திருக்கிறார்கள். விற்பனைக் கணக்கை வைத்துக்கொண்டு, அட்லாண்டாவில் 7,792 வீடுகளுக்கு ஒன்றில்தான் அது இருக்க வாய்ப்பு என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். அங்கே பிடிபட்ட வேய்ன் வில்லியம்ஸின் படுக்கையறையில் அந்தக் கம்பளம் இருந்தது. அவன் நாயின் முடி, காரின் கம்பள இழை எல்லாம் அதோடு சேர்ந்தன.

ஒரு தொழிற்சாலையின் பழைய விற்பனைப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் இல்லாவிட்டால் அந்த வழக்கு நின்றிருக்காது. அவர்களைப் பற்றி யாராவது தனித் தொடர் எடுத்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

பனைநிழல்

தறிச்சத்தம் ஐயா, இந்த இழையின் மிகச் சிறந்த பதிவு இதுதான்.

பாலத்தைப் பற்றி. உடல்களில் இழைகள் கிடைத்த செய்தி 1981 பிப்ரவரியில் நாளிதழில் வெளிவந்துவிட்டது. அதன்பிறகு உடல்கள் ஆடைகள் பெரும்பாலும் களையப்பட்ட நிலையில் ஆறுகளில் கிடைக்கத் தொடங்கின. கொலைகாரன் செய்தியைப் படிக்கிறான், அதற்கேற்ப மாறுகிறான் என்ற கணிப்பு அங்கே பலித்தது. பாலங்களுக்கு அடியில் ஆட்களை நிறுத்தினார்கள். மே 22 அதிகாலை, கண்காணிப்பு முடியவிருந்த கட்டத்தில், சாட்டஹூச்சி ஆற்றில் ‘தொப்’பென்று ஒரு சத்தம். பாலத்தின் மேல் வேய்ன் வில்லியம்ஸின் கார். இரண்டு நாட்களில் உடல் மிதந்தது.

ஆக, கணிப்பு ஆற்றைக் காட்டியது. காத்திருந்தவர் காதில் சத்தம் விழுந்தது. கம்பளம் சாட்சி சொன்னது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவன் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

ஆனால் 1982இல் தண்டனை கிடைத்தது இரண்டு பேரின் கொலைக்கு மட்டும். இருவரும் வயது வந்தவர்கள். சிறுவர்களின் கொலைகளில் பெரும்பாலானவற்றையும் அவன் கணக்கில் எழுதிக் கோப்புகளை மூடினார்கள். ஒரு சிறுவனின் கொலைக்குக்கூட யாரும் விசாரணைக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. 9 வயது மகனை இழந்த ஒரு தாய் மற்றத் தாய்மார்களைத் திரட்டி அமைப்பு கட்டிப் போராடியதைத் தொடரில் பார்த்தீர்கள் அல்லவா? அது கற்பனை இல்லை.

கோட்டைவாசல்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். புரொஃபைலிங் என்பது வெறும் ஊகம் என்றால் உலகம் முழுவதும் காவல்துறைகள் ஏன் அதை வைத்திருக்கின்றன? இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது நியூயார்க். 1940 முதல் 1956 வரை ஒருவன் நகரத்தில் 33 குண்டுகளை வைத்தான்; 22 வெடித்தன. காவல்துறை கைவிரித்து, ஜேம்ஸ் பிரசல் என்ற மனநல மருத்துவரிடம் போனது. அவர் கடிதங்களைப் படித்தே ஆளை வரைந்துவிட்டார். கைது செய்யும்போது இரட்டை மார்புக் கோட்டு அணிந்திருப்பான், பொத்தான்கள் போட்டிருக்கும் என்றுகூடச் சொன்னார். 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெட்டெஸ்கி கைதானபோது அப்படியே இருந்தது.

இரண்டாவது லண்டன். 1980களில் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த வன்புணர்வுகள், கொலைகள். சர்ரே பல்கலைக்கழகத்தின் டேவிட் கேன்டர், குற்றங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, கில்பர்ன் பக்கம் வசிப்பவன், ரயில்வேயை நன்கு அறிந்தவன் என்று 17 குறிப்புகள் கொடுத்தார். ஜான் டஃபி பிடிபட்டபோது 13 பொருந்தின. அவன் ரயில்வேயில் தச்சனாக இருந்தவன். கில்பர்னில்தான் வீடு.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பனைநிழல்

லண்டன் வழக்கை முழுமனதோடு ஏற்கிறேன். அங்கே கூட டஃபியின் பெயர் ஏற்கெனவே ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட பட்டியலில், மிகக் கீழே, இருந்தது. கேன்டரின் குறிப்புகள் அதை மேலே தூக்கிவிட்டன. இருந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று சொன்னார். அது பெரிய உதவி. அதற்கு அவர் கொலைகாரனின் உள்ளத்துக்குள் இறங்கியதை விட, மனிதன் தான் வாழும் இடத்தைச் சுற்றியே நடமாடுவான் என்ற எளிய உண்மையை நம்பினார்.

நியூயார்க் கதையை நான் ஏற்க மாட்டேன். கோட்டுக் கதை பிரசலின் நினைவுக் குறிப்புகளால் பரவியது. ஜெர்மனியில் பிறந்து படித்தவன், முகத்தில் தழும்பு இருக்கும் என்றெல்லாமும் அவர் சொல்லியிருந்தார். அவை பொருந்தவில்லை, நினைவுக் குறிப்புகளில் இடமும் பெறவில்லை. காவலர்கள் போனபோது மெட்டெஸ்கி பைஜாமாவில் இருந்தான். உடை மாற்றச் சொன்ன பிறகுதான் கோட்டு வந்தது. அவனைக் கண்டுபிடித்தவர் ஆலிஸ் கெல்லி. கான் எடிசன் மின்நிறுவனத்தில் எழுத்தர். பழைய இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டே போனவர், 1931இல் வேலையில் காயப்பட்ட ஒருவரின் புகார்க் கடிதங்களில், குண்டுக்காரன் பயன்படுத்திய அதே விசித்திரமான சொற்றொடரைப் பார்த்துவிட்டார்.

பிரசலின் பெயர் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆலிஸ் கெல்லி பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

தறிச்சத்தம்

நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன். கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது.

நான் முன்பு வேலை செய்த ஆலையில் நூல் கோன் பெட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. நிர்வாகம் ஒருவனை மனதில் குறித்துவிட்டது. யாரோடும் பேசமாட்டான், தனியாகச் சாப்பிடுவான், இரவுப் பணியையே கேட்டு வாங்குவான். “திருடுகிறவன் இப்படித்தான் இருப்பான்” என்றார்கள். மூன்று வாரம் அவனை வாசலில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். மற்ற தொழிலாளர்கள் பார்க்கப் பார்க்க. பிறகு கேட் பாஸ் புத்தகத்தின் அடிக்கட்டைகளை நானும் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டோம். அனுப்பியதாக எழுதிய எண்ணிக்கையும் லாரியில் ஏறிய எண்ணிக்கையும் வேறுவேறு. திருடியது எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிற ஆள். அந்தப் பையன் தாய்க்கு மருந்து கொடுக்க ஆள் இல்லாததால் பகலில் வீட்டில் இருக்க இரவுப் பணி கேட்டிருக்கிறான். யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுப் போனான்.

தனியாகச் சாப்பிடுகிறவன் என்று ஓர் ஆளைப் பற்றி எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அன்று பார்த்தேன்.

வடக்குவீதி

தறிச்சத்தம் சொன்னது ஆலைக்குள் நடந்தது. அதுவே ஒரு நாட்டின் கண்முன்னால் நடந்திருக்கிறது.

1992 ஜூலையில் லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் இளம் பெண், தன் சின்னஞ்சிறு மகனின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். பால் பிரிட்டன் என்ற உளவியலாளர் கொலைகாரனின் சித்திரத்தை எழுதினார். அந்தப் பக்கம் நாயோடு நடக்கும் தனிமை விரும்பி ஒருவர் அதற்குப் பொருந்துவதாகக் காவல்துறை முடிவு செய்தது. சான்று இல்லை. எனவே ஒரு பெண் காவலரை மாறுவேடத்தில் காதலியாக நடிக்க வைத்து, பல மாதங்கள் கடிதமும் தொலைபேசியுமாக அவர் வாயிலிருந்து ஒப்புதல் வாங்கப் பார்த்தார்கள். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை; ஆனாலும் கைது செய்தார்கள். 1994 செப்டம்பரில் நீதிபதி ஆக்னல், மிக மோசமான வஞ்சக நடத்தை என்று கண்டித்து அந்தச் சான்றை ஒதுக்கினார். வழக்கு விழுந்தது. அதற்குள் அவர் ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டார். வெளியே வந்த பிறகும் ஊர் அவரைக் கொலைகாரன் என்றே பார்த்தது.

உண்மைக் கொலைகாரன் ராபர்ட் நேப்பர். 2008 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டான். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை: காவல்துறை தவறான ஆளைச் சுற்றிக்கொண்டிருந்த 1993 நவம்பரில் அவன் வேறொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றுவிட்டான். தவறாகப் பிடிக்கப்பட்டவருக்கு 7,06,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அந்த நான்கு வயதுக் குழந்தைக்கு யார் எதைக் கொடுப்பது?

எஃப்.பி.ஐ.யும் விலக்கில்லை. 1989 ஏப்ரலில் ஐயோவா போர்க்கப்பலின் பீரங்கி மேடையில் வெடிப்பு ஏற்பட்டு 47 மாலுமிகள் இறந்தார்கள். இறந்த மாலுமிகளில் ஒருவரின் கடிதங்களையும் பழக்கங்களையும் வைத்து, அவர்தான் தற்கொலை எண்ணத்தில் வெடிக்கச் செய்தார் என்று குவான்டிகோ நிபுணர்கள் முடிவு சொன்னார்கள். பிறகு சாண்டியா ஆய்வகம், வெடிமருந்துப் பைகளை அளவுக்கு மீறி வேகமாக உள்ளே தள்ளினாலே வெடிக்கக்கூடும் என்று சோதித்துக் காட்டியது. 1991இல் கடற்படை அந்தக் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. இறந்துபோன மகனைக் கொலைகாரன் என்று சொல்லக் கேட்டு அந்தப் பெற்றோர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள்.

கோட்டைவாசல்

வடக்குவீதி, ஐயோவா பற்றி எனக்குத் தெரியாது. தேடிப் படித்துவிட்டு வருகிறேன்.

இரவுப்பணி

நான் செவிலியர். இந்த இழையில் யாரும் மைண்ட்ஹன்டரின் வெண்டி கார் என்ற பாத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் வருகிறேன். எனக்கு இந்தத் தொடர் மீது ஒரே ஒரு கோபம் உண்டு. அது வெண்டியைப் பற்றியது.

தொடரில் அவர் உளவியல் பேராசிரியர். உண்மையில் அந்த இடத்தில் இருந்தவர் ஆன் வோல்பர்ட் பர்ஜஸ். அவர் மனநலச் செவிலியர். பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த வன்புணர்வால் பாதிக்கப்பட்டவர்களை, சமூகவியலாளர் லிண்டா ஹோல்ம்ஸ்ட்ரோமுடன் சேர்ந்து ஓராண்டு சந்தித்தார். 146 பேர். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் போனார்கள். அதிலிருந்துதான் 1974இல், வன்புணர்வுக்குப் பிறகு உடலும் மனமும் படும் பாட்டுக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் கிடைத்தது. அந்த வேலையைப் பார்த்துத்தான் எஃப்.பி.ஐ. அவரை அழைத்தது.

டக்ளஸும் ரெஸ்லரும் ஒலிநாடாக்களை வைத்திருந்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்யும் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் பர்ஜஸ். 36 கொலைகாரர்களின் பேட்டிகள் ஆய்வாக மாறி 1988இல் நூலானதில் அவர் பங்கு பெரியது. நோயாளியிடம் எத்தனை நாள் வலி, எங்கே தொடங்கியது, எப்போது கூடுகிறது என்று வரிசை மாறாமல் கேட்டு விளக்கப்படத்தில் எழுதுகிறோமே, அந்தப் பயிற்சிதான் இது. ஒரு செவிலியரால் இது முடியும் என்று காட்ட ஏன் தயங்கினார்கள்? பாத்திரத்தின் சொந்த வாழ்க்கையை மாற்றியது பற்றி எனக்குக் குறையில்லை. தொழிலை மாற்றியதுதான் உறுத்துகிறது. வெண்டியாக நடித்த அன்னா டார்வ் செவிலியர் உடையில் அவ்வளவு பொருத்தமாக இருந்திருப்பார்.

இன்னொன்று. பர்ஜஸ் வந்த வழி பாதிக்கப்பட்டவர்களின் வழி. கொலைகாரன் யாரைத் தேர்ந்தெடுத்தான், அவர்கள் என்ன சொன்னார்கள், எப்படி எதிர்த்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். தொலைக்காட்சியில் எத்தனை தொடர்கள் வந்தாலும் கொலைகாரனின் குழந்தைப் பருவம்தான் விரிவாக வருகிறது. இறந்த பெண் ஒரு புகைப்படமாகப் பலகையில் குத்தப்பட்டிருக்கிறாள்.

மழைரயில்

இரவுப்பணி, அவர் செவிலியர் என்பதே எனக்குத் தெரியாது. புகைப்படம் பற்றி நீங்கள் சொன்னது குத்துகிறது. கிரிமினல் மைண்ட்ஸில் அந்தப் பலகையைத்தான் நான் ஆசையாகப் பார்ப்பேன். ஒரு பெண்ணின் பெயர்கூட நினைவில் இல்லை.

அத்தொடரில் கிடியனாக நடித்த மேண்டி பட்டின்கின், மூன்றாவது சீசன் தொடக்கத்தில் விலகியது அப்போது எனக்குப் பெரிய வருத்தம். இரவுக்கு இரவு பெண்களைக் கொன்று காட்டுவதைத் தாங்க முடியவில்லை, அந்தத் தொடரை ஏற்றதே தான் செய்த பெரிய பிழை என்று பின்னாளில் சொன்னார். நன்றி கெட்டவர் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது.

அல்லிக்குளம்

ஒரு சிறு சந்தேகம். அந்தத் தொடர்களில் அடிக்கடி வரும் ‘அன்சப்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? வசன வரிகளில் சில இடங்களில் ‘குற்றவாளி’ என்று போடுகிறார்கள். சரியாகப் படவில்லை.

பனைநிழல்

சரியில்லைதான். யார் என்று அறியப்படாதவர் என்பதன் சுருக்கம் அது. குற்றம் உறுதியானவர் என்ற பொருளே இல்லை. நம் செய்தித்தாள்களில் ‘மர்ம நபர்’ என்பார்கள். ‘அடையாளம் தெரியாத நபர்’ என்பதே நேரான சொல். நான்கு எழுத்தில் அடங்காது, ஆனால் ஒருவரையும் முன்கூட்டியே குற்றவாளி ஆக்காது.

கடலோரம்

கொரியத் தொடர் பார்ப்பவர்கள் யாரும் இல்லையா? ‘த்ரூ தி டார்க்னஸ்’ என்று 2022இல் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 12 அத்தியாயங்கள் வந்தது. கிம் நாம்-கில் நடித்தது. கொரியாவின் முதல் புரொஃபைலர் என்று சொல்லப்படும் க்வோன் இல்-யோங்கின் அனுபவ நூலை வைத்து எடுத்தது. மைண்ட்ஹன்டர் பிடித்தவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். அதில் நாயகன் பேசுவதே குறைவு. ஒவ்வொரு பேட்டி முடிந்த பிறகும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் வாடியிருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஹ்வாசோங் வழக்கு. 1986 முதல் 1991 வரை அந்த வட்டாரத்தில் 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். லீ சுன்-ஜே என்பவனை அப்போதே விசாரித்து விட்டுவிட்டார்கள். கொலைகாரனின் ரத்த வகை பி என்று காவல்துறை நம்பியது, அவனுடையது ஓ. 2019இல் பழைய சான்றுப் பொருட்களில் இருந்த மரபணு அவனோடு பொருந்தியது. மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக அவன் 1990களிலிருந்தே பூசான் சிறையில் இருந்தான். முதலில் எல்லாவற்றையும் மறுத்தான். புரொஃபைலர்கள் சிறைக்குப் போய்த் திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஹ்வாசோங் கொலைகளோடு வேறு நான்கையும் சேர்த்து 14 கொலைகளை ஒப்புக்கொண்டான்.

அந்தப் பேச்சால் வெளிவந்த இன்னொன்று: எட்டாவது கொலைக்காக வேறொருவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்திருந்தார். அதுவும் தன் செயலே என்று லீ சொன்னான். 2020 டிசம்பரில் நீதிமன்றம் அந்த மனிதரை நிரபராதி என்று அறிவித்தது. ஆளைக் காட்டிக்கொடுத்தது மரபணு. ஆனால் வேறொருவர் சுமந்த பழி இறங்கியதற்கு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் காரணம். புரொஃபைலர் வீண் என்று சொல்பவர்களிடம் நான் அந்த மனிதரைத்தான் காட்டுவேன்.

கோட்டைவாசல்

கடலோரத்துக்கு நன்றி. நான் சொல்ல முயன்றதை நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். ஐயோவா பற்றிப் படித்தேன். வடக்குவீதி சொன்னது அத்தனையும் உண்மை, படிக்கவே கசப்பாக இருந்தது.

பேசத் தெரிவதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வேய்ன் வில்லியம்ஸ் விசாரணையில் சாட்சிக் கூண்டில் மிக அமைதியாக, மென்மையாகப் பேசினான். இந்த ஆளா கொன்றிருப்பான் என்று தோன்றும் அளவுக்கு. நெருங்கி நின்று, குரலைத் தாழ்த்தி, நீண்ட நேரம் விடாமல் கேட்டால் அந்த முகம் உடையும் என்று அரசு வழக்கறிஞருக்கு ஆலோசனை சொன்னதாக டக்ளஸ் தன் நூலில் எழுதியிருக்கிறார். மறுநாள்களில் அவன் சீறினான், ஜூரிகள் பார்த்தார்கள். தொடர் இதை எட்டவே இல்லை. கைதோடு நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது சீசன் வந்திருந்தால்... 2023இல் தொடரின் இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரே இனி வராது, செலவுக்கேற்ற பார்வையாளர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பனைநிழல்

அதே டக்ளஸ், கைதுக்கு முன்பே வில்லியம்ஸைப் பற்றிச் செய்தியாளரிடம் வாய்விட்டதற்காக எஃப்.பி.ஐ.யின் கண்டனக் கடிதமும் பெற்றார். அதே வழக்குக்காகப் பாராட்டும் பெற்றார். இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

மழைரயில்

நேற்று இரவு இரண்டாவது சீசனின் கடைசி அத்தியாயத்தை மீண்டும் பார்த்தேன். முதல் முறை நான் ஹோல்டனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த முறை தாய்மார்களைப் பார்த்தேன். அவன் பேசும்போது அவர்கள் யாரும் குறுக்கிடுவதில்லை. காத்திருந்து பழகியவர்கள் உட்காரும் விதத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எப்படி முதல் முறை தவறவிட்டேன்?

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இப்போது வேறொன்று கேட்கிறேன். அந்தச் சிறுவர்களின் வழக்குகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன?

பனைநிழல்

2019 மார்ச்சில், அட்லாண்டாவின் அப்போதைய மேயர் கெய்ஷா லான்ஸ் பாட்டம்ஸ், பழைய சான்றுப் பொருட்களை இன்றைய தொழில்நுட்பத்தால் மீண்டும் சோதிக்கப்போவதாக அறிவித்தார். 2021இல் சில மாதிரிகள் யூட்டாவில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போயின. வில்லியம்ஸ் இன்னும் ஜார்ஜியா சிறையில் இருக்கிறான். தான் செய்யவில்லை என்றே சொல்லிவருகிறான்.

தறிச்சத்தம்

40 ஆண்டு பழைய இழையிலும் துணியிலும் மரபணு எடுப்பது கடினம். எப்படிப் பாதுகாத்தார்கள் என்பதைப் பொறுத்தது. காகித உறையில் உலர்வாக வைத்திருந்தால் நம்பிக்கை உண்டு. பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டியிருந்தால் பூஞ்சணம் தின்றிருக்கும். அந்தச் செய்தியை நானும் தொடர்ந்து தேடி வருகிறேன். ஏதாவது வந்தால் இந்த இழையிலேயே எழுதுகிறேன், மூடிவிடாதீர்கள்.